பாடசாலையின் வாயிலும் விசேட தேவையுடைய பிள்ளையும்

முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான அறிவித்தல் ஆண்டுதோறும் வெளிவரும்போது நம் நாட்டு இல்லங்களில் ஒரு பரபரப்பு உண்டாகின்றது. பிறப்புச் சான்றிதழைத் தேடுவோர் ஒருபுறம்; வாக்காளர் இடாப்பின் பிரதிக்காகக் கிராம அலுவலரின் வாயிலிற் காத்திருப்போர் ஒருபுறம்; காணி உறுதியையும் மின்கட்டணப் பட்டியலையும் ஒழுங்காக அடுக்கிக் கோவையிலிடுவோர் மற்றொருபுறம். எந்தப் பாடசாலை கிடைக்கும் என்பதே இவர்கள் எல்லோருடைய கவலையுமாகும். அதே நாட்களில், இதனினும் ஆழமான கவலையோடு நாட்களைக் கழிக்கும் பெற்றாரும் நம்மிடையே உளர். அவர்களுடைய பிள்ளைக்கும் ஜனவரி 31ஆந் திகதியன்று ஐந்து வயது நிறைவெய்துகின்றது. ஆயின் அப்பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அல்லது கால்கள் வலுவற்றிருக்கின்றன. அல்லது வயதுக்கேற்ற பேச்சு இன்னும் வரவில்லை. எந்தப் பாடசாலை என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. ஏதாவது ஒரு பாடசாலை எங்கள் பிள்ளையை ஏற்குமா என்றே அவர்கள் கேட்கின்றனர்.

அக்கேள்விக்கு நாம் எவ்வாறு விடையளிக்கின்றோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அனுமதி மேசையின் ஒரு பக்கத்தில் அதிபராக அமர்ந்திருப்பவன் என்ற முறையில், மறு பக்கத்திலே நிற்பவர்களுக்கும், என்னைப் போன்று அம்மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், விசேட கல்வித் தேவை என்பது யாது எனத் தெளிந்துகொள்வோம். இச்சொல்லைக் கேட்டவுடன் பலருடைய மனக்கண்ணிற் சக்கர நாற்காலியொன்றோ, வெண்பிரம்பொன்றோ தோன்றுகின்றது. அவை இதன் ஒரு பகுதி மாத்திரமே. விழிப்புலன் குறைந்தோர், செவிப்புலன் குறைந்தோர், நடமாட்டத்தில் இடர்ப்படுவோர், பேச்சு தாமதித்தோர், அறிவு வளர்ச்சி மெதுவாயுள்ளோர், ஓட்டிசம் எனப்படும் நிலையினர், பெருமூளை வாதத்தினர், டவுண் சிண்ட்ரோம் உடையோர் என இவ்வரிசை நீளும். இவர்களோடு, கண்ணுக்குப் புலப்படாத தேவையுடையோரும் இருக்கின்றனர். நன்றாகப் பேசுவான், கதை சொல்வான், கணக்கையும் மனத்திலே செய்வான்; ஆயின் எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கும்போது மாத்திரம் தடுமாறுவான். இவனைச் சோம்பேறி என்றும், கவனமற்றவன் என்றும் சொல்லி எத்தனையோ தலைமுறைகளாக நாம் தண்டித்து வந்திருக்கின்றோம். வாசிப்பு இடர்ப்பாடு என்பது பிள்ளையின் குணக்கேடன்று என்பதை இன்று கல்வியுலகு நன்கு அறியும்.

இத்தேவைகளுட் பலவற்றுக்குப் பெரும் ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. முன்வரிசையில் ஓர் இருக்கை, பெரிய எழுத்திலே எழுதிய ஒரு தாள், பேசும்போது முகத்தைப் பிள்ளையின் பக்கந் திருப்பும் ஓர் ஆசிரியர், இரண்டு படிகளுக்குப் பதிலாக ஒரு சாய்வுப் பாதை, இவ்வளவே போதுமான பிள்ளைகள் பலர். வேறு சிலருக்கு விசேட பயிற்சி பெற்ற ஆசிரியரும், தனியான கற்பித்தல் முறையும் இன்றியமையாதவை. இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவதே நாம் காணும் குழப்பங்களுக்கு மூலகாரணம்.

இனி, இத்துறையில் நம் நாடு கடந்துவந்த பாதையைச் சற்றே நோக்குவோம். கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்குமான முதற் பாடசாலை இலங்கையில் 1912ஆம் ஆண்டில் தோன்றியது. மேரி சப்மன் என்னும் மிஷனரி அம்மையாரே அதனைத் தொடங்கியவர். இரத்மலானையில் இன்றும் நடைபெறும் பாடசாலை அவ்வழி வந்ததே. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1950களில் எழுந்தது. பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தைப் பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில் தமது பதினைந்தாவது வயதளவில், 1824ஆம் ஆண்டிலே வகுத்தார். அவ்வெழுத்துமுறை தமிழுக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டதனால், ஆறு புள்ளிகளைக் கொண்டு நம் பிள்ளைகளும் அகரம் முதலாகக் கற்க வழி பிறந்தது.

அக்காலத்தில் விசேட பாடசாலை என்றால் விடுதியோடு கூடிய தனிப் பாடசாலையே. பிள்ளை ஆறு வயதிலே வீட்டைவிட்டுப் பிரிந்து போகும். தவணை விடுமுறைக்கே வீடு திரும்பும். 1960களின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. பார்வையற்ற பிள்ளைகள் சிலரைச் சாதாரண அரசினர் பாடசாலைகளிலேயே சேர்த்து, அங்கே ஒரு விசேட ஆசிரியரின் துணையோடு கற்பிக்கும் முறை தோன்றிற்று. பின்னர் ஏனைய பிள்ளைகளுக்கும் இம்முறை விரிந்தது. சாதாரண பாடசாலைகளினுள்ளே விசேட கல்வி அலகுகள் அமைந்தன. ஆகவே இன்று நம்முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சாதாரண வகுப்பிலே ஏனைய பிள்ளைகளோடு கற்பது. இரண்டாவது, சாதாரண பாடசாலையிலுள்ள விசேட கல்வி அலகிலே கற்பது. மூன்றாவது, அரசின் உதவி பெறும் விசேட பாடசாலையிலே கற்பது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்துச் சலமங்கா நகரிலே கூடிய உலக மகாநாடு, இயன்ற அளவுக்கு எல்லாப் பிள்ளைகளும் சாதாரண பாடசாலையிலேயே ஒன்றாகக் கற்றல் வேண்டும் என்னும் கொள்கையை உலகறியச் செய்தது.

கொள்கை ஒருபுறமிருக்க, சட்டம் யாது கூறுகின்றது? 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நம் நாட்டிற் பிறந்தது. பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அன்று திறந்த கதவு, குறைபாடுடைய பிள்ளைக்கும் சேர்த்தே திறந்தது எனக் கொள்வதே முறையாகும். எனினும் அதனைச் சட்டம் வெளிப்படையாகக் கூற மேலும் ஐம்பது ஆண்டுகள் சென்றன. உடல் உளக் குறைபாடுடையோரின் உரிமைகளைப் பாதுகாத்தற்கென இயற்றப்பட்ட 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதன் 23ஆம் பிரிவிலே, எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கும்போது ஒருவருடைய குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு பாரபட்சம் காட்டலாகாது என விதிக்கின்றது. 1998ஆம் ஆண்டு தொடக்கம் ஐந்து வயது முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் கட்டாயமாகப் பாடசாலைக்குச் செல்லல் வேண்டும் என்னும் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை பதினாறாக உயர்ந்தது. அதே 2016ஆம் ஆண்டிலே, குறைபாடுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திற்று. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது.

இவற்றை ஒருங்கு வைத்து எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றாருக்குக் கட்டாயம் என்று ஒரு சட்டம் சொல்லுமாயின், அப்பிள்ளையை ஏற்பதற்கு ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்பது அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. தந்தையைப் பார்த்து, உன் பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்கும் அரசு, அதிபரைப் பார்த்து, வந்த பிள்ளையை ஏன் திருப்பி அனுப்பினீர் என்றும் கேட்டல் வேண்டுமன்றோ?

இவ்வளவு இருந்தும், பிள்ளைகள் திரும்பிச் செல்கின்றனர். எவரும் கடுஞ்சொற் சொல்லி விரட்டுவதில்லை. "அம்மா, எங்களிடம் அதற்கான வசதியில்லை, உங்கள் பிள்ளையின் நன்மைக்காகவே சொல்லுகின்றோம், அடுத்த பாடசாலையிற் கேட்டுப் பாருங்கள்," என்று கனிவாகவே சொல்லப்படுகின்றது. அடுத்த பாடசாலையிலும் அதே கனிவு, அதே விடை. மூன்றாவது பாடசாலையைத் தேடிச் செல்ல அத்தாய்க்கு உடலிலும் வலுவிராது, கையிற் பேருந்துக் காசும் இராது. பிள்ளை வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. மறுக்கப்பட்டது என்று எந்தத் தாளிலும் எழுதப்படாமையால், அப்படியொரு பிள்ளை இருந்தது என்பதற்கே பதிவு இல்லாமற் போகின்றது.

அதிபர்களாகிய நாங்கள் சொல்லும் காரணங்களை மறைக்காமல் எடுத்து நோக்குவோம். அவை முற்றிலும் பொய்யான காரணங்கள் அல்ல. ஆயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி உண்டு.

முதற் காரணம்: பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை என்பது. இது பல பாடசாலைகளில் உண்மை. கிராமப்புறங்களிலும் மலையகத் தோட்டப் பகுதிகளிலும் பொதுப் பாடத்துக்கே ஆசிரியர் போதாத நிலையில் விசேட ஆசிரியருக்கு எங்கே போவது? ஆயின் சிந்தியுங்கள். பிள்ளை இல்லாத பாடசாலைக்கு எந்தப் பணிமனையும் விசேட ஆசிரியரை அனுப்பாது. பிள்ளையைச் சேர்த்துப் பெயரைப் பதிந்து, இன்ன தேவையுடைய இத்தனை பிள்ளைகள் எம்மிடம் உளர் என வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும்போதே ஆசிரியரைக் கேட்கும் உரிமை பிறக்கின்றது. விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் ஆசிரிய ஆலோசகரும் வருவதற்கு ஒரு காரணம் ஏற்படுகின்றது. ஆசிரியர் வந்தபின் பிள்ளை என்று காத்திருந்தால் இரண்டும் நிகழா.

இரண்டாவது காரணம்: பெறுபேறு குறைந்துவிடும் என்பது. இதனைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனத்துள் வைத்திருக்கின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைக் கடந்தனர் என்பதைக் கொண்டே ஊர் ஒரு பாடசாலையை அளக்கின்றது. அப்பழக்கத்தின் சுமை அதிபர்மீதும் ஆசிரியர்மீதும் விழுகின்றது என்பதை நான் மறுக்கேன். ஆயினும், தேர்ச்சி வீதத்தைக் காக்கும்பொருட்டு ஐந்து வயதுப் பிள்ளையொன்றைப் படலைக்கு வெளியே நிறுத்தும் பாடசாலை, வைத்தியசாலையொன்று நோய் கடுமையானவர்களை ஏற்காது விட்டு, எம்மிடம் இறப்பவர் குறைவு என்று பெருமை பேசுவதை ஒக்கும்.

மூன்றாவது காரணம்: ஏனைய பெற்றார் விரும்பார் என்பது. சிலர் விரும்பாமல் இருக்கக்கூடும். இந்நோய் எங்கள் பிள்ளைக்கும் தொற்றுமோ எனக் கேட்பவரும் உளர். இவற்றுள் எதுவும் தொற்றும் நோயன்று என்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபர் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று. பெரியோரின் அச்சம் பிள்ளைகளிடம் இல்லை. பிரம்பின்றி நடக்கமுடியாத நண்பனுக்குப் புத்தகப் பையைத் தூக்கிச் செல்ல முதலாந் தரத்திலே போட்டியே நடக்கும். சைகையால் எவ்வாறு பேசுவதெனக் காட்டிக்கொடுத்தால், ஆசிரியருக்கு முன்னரே வகுப்புப் பிள்ளைகள் அதனைக் கற்றுக்கொள்வர்.

நான்காவது காரணம்: விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்பது. ஓடியாடும் பிள்ளைகளும் நாள்தோறும் விழத்தான் செய்கின்றனர். அதற்காக அவர்களை நாம் வெளியே நிறுத்துவதில்லை. வேண்டியது தக்க ஏற்பாடே. பொதுக் கட்டடங்கள் குறைபாடுடையோர் அணுகத்தக்கனவாக அமைதல் வேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அப்பிள்ளையின் வகுப்பைக் கீழ்மாடியில் வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. நேரசூசியை வரைபவரின் மனமே வேண்டும். இரண்டு மூடை சீமெந்தும் ஒருநாட் சிரமதானமும் ஒரு சாய்வுப் பாதையை ஆக்கும். மலசலகூடத்தின் கதவை அகலமாக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைச் சுவரிற் பதித்தல் இன்னும் முக்கியமானது. பெண் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதானதும் பாடசாலையைவிட்டு நிற்பதற்கு வகுப்பறையைவிட மலசலகூடமே காரணமாவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நேயர்களே, பாடசாலைகளைப் பற்றி மாத்திரம் பேசி முடித்துவிடுதல் நீதியாகாது. பெற்றாருக்கும் சில சொல்லவேண்டியுள்ளது.

பிள்ளையின் குறைபாட்டை மறைப்பது நம்மவரிடையே இன்றும் உள்ள வழக்கம். மூத்த மகளின் கலியாணம் தடைப்படும் என்றும், முற்பிறப்பின் வினை என்று ஊர் சொல்லும் என்றும் அஞ்சி, பிள்ளையை அறையினுள்ளே வைத்து வளர்க்கும் வீடுகள் உண்டு. வேறு சிலர், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருப்பர். அவனுடைய மாமனும் ஐந்து வயதிலேதான் பேசினான் என்று பாட்டி சொல்லிய சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகளை இழந்துவிடுவர். செவிப்புலனைப் பொறுத்தவரை அவ்விரண்டு ஆண்டுகள் மிகப் பெரும் இழப்பாகும். மொழி பதியும் பருவம் பிறப்பிலிருந்து முதற் சில ஆண்டுகளே. அக்காலத்திற் செவிப்புலன் கருவியோ சைகை மொழியோ கிடைக்காத பிள்ளை, காது கேளாமையோடு மொழியின்மையையும் சேர்த்துச் சுமக்க நேரிடுகின்றது.

இதற்கான துணையை நாம் தொலைவிலே தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு தாயின் கையிலும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு உண்டு. எந்த மாதத்திற் பிள்ளை தலை நிமிர்த்தும், எப்போது இருக்கும், எப்போது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும் என்பனவெல்லாம் அதிலே குறிக்கப்பட்டுள்ளன. தடுப்பூசித் திகதிக்கு மாத்திரம் அப்பதிவேட்டைத் திறந்து மூடாமல், இப்பக்கங்களையும் பாருங்கள். ஐயமேற்பட்டால் வீட்டுக்கு வரும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து வைத்தியசாலையின் பிள்ளை மருத்துவ நிபுணரிடமும் வழிப்படுத்துவார். முன்பள்ளி ஆசிரியையின் சொல்லையும் புறக்கணிக்காதீர்கள். இருபது பிள்ளைகளை ஒருங்கே காண்பவருக்கு, ஒரு பிள்ளை மாத்திரம் வேறுபட்டு நிற்பது விரைவிலே புலப்படும்.

அடுத்து, அனுமதிக்கு வரும்போது குறைபாட்டை மறையாதீர்கள். நேர்முகப் பரீட்சையன்று பிள்ளையை வீட்டிலே விட்டுவிட்டு, இடம் உறுதியான பின்னர் அழைத்துவரலாம் என எண்ணுவோர் உளர். அவர்களைக் குறை கூற என் மனம் இடந்தரவில்லை. கதவு மூடப்படும் என்னும் அச்சமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டுகின்றது. எனினும், வலிப்பு வரும் பிள்ளை என்பதை ஆசிரியர் அறியாதிருந்தால், வலிப்பு வரும் நாளில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. வைத்திய அறிக்கையையும், உட்கொள்ளும் மருந்தின் விவரத்தையும், பிள்ளைக்கு எது இயலும், எது இயலாது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். இயலுவனவற்றை முதலில் எழுதுங்கள். தனியே உணவு உண்பான், பத்து வரை எண்ணுவான், பாட்டுக் கேட்டால் அமைதியாவான் என்னும் மூன்று வரிகள், பத்துப் பக்க வைத்திய அறிக்கையைவிட வகுப்பாசிரியருக்கு உதவும்.

மறுப்பு வருமாயின் அதனை எழுத்திலே கேளுங்கள். சண்டையிட வேண்டியதில்லை. "ஐயா, தங்கள் முடிவைக் கடிதமாகத் தந்தால், நான் வலயப் பணிமனையில் வேறு வழி கேட்க உதவியாயிருக்கும்," என்று பணிவாகச் சொல்லுங்கள். வாயாற் சொல்ல எளிதான மறுப்பு, கையொப்பமிட்டு எழுத எளிதன்று. பேனாவைக் கையிலெடுக்கும்போது பல அதிபர்கள் மறுபடியும் சிந்திப்பர். அதன் பின்னரும் மறுத்தால் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும், அவருக்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் முறையிடலாம். 1996ஆம் ஆண்டின் சட்டம், பாரபட்சத்துக்கு உள்ளானோர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடுதற்கும் வழி வைத்துள்ளது. ஏழைத் தாயொருத்தி அவ்வளவு தூரம் செல்லவேண்டிய நிலை ஏற்படாதிருப்பதே நமக்கு மதிப்பு. எனினும் அவ்வழி உண்டென்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, மேலே சொன்ன மூன்று வழிகளுள் எதனைத் தெரிவது? இது எல்லோருக்கும் ஒரே விடையுள்ள வினாவன்று. சாதாரண வகுப்பே சிறந்தது என்று கொள்கையாகச் சொல்லிவிடலாம். ஆயின் முற்றாகக் காது கேளாத பிள்ளையொன்று, சைகை மொழி தெரிந்த ஒருவருமில்லாத வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகளின் நடுவே அமர்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அது கூட்டத்தின் நடுவிலும் தனிமையிலேயே இருக்கும். அப்பிள்ளைக்குத் தன் மொழியைப் பேசும் தோழர் நிறைந்த விசேட பாடசாலை நல்லதாகலாம். அதே வேளையில், ஒரு காலிலே மாத்திரம் வலுக்குறைந்த பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்புவது கொடுமையாகும். வேலிக்கு அப்பாலுள்ள பாடசாலையே அவளுக்கு உரியது. விசேட கல்வி அலகு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பிள்ளை அங்கே சில காலம் அடிப்படைகளைக் கற்று, இயன்ற பாடங்களுக்குச் சாதாரண வகுப்புக்கும் சென்றுவருவதே அதன் நோக்கம். அலகினுள்ளே புகுந்த பிள்ளை ஆறு வருடமும் அவ்வொரே அறையில் வர்ணந்தீட்டிக்கொண்டிருக்குமாயின், அது அலகன்று. பிள்ளையைக் காத்துவைக்கும் ஒரு கூடமே. ஆகையால் பெற்றார் கேட்கவேண்டிய வினா ஒன்று: இங்கே என் பிள்ளை இவ்வருடம் எதனைக் கற்றுக்கொள்ளும்? இவ்வினாவுக்கு நேரான விடை எங்கே கிடைக்கின்றதோ, அதுவே நல்ல இடம்.

அனுமதி என்பது முதற் படி மாத்திரமே. பெயர் இடாப்பில் ஏறியபின் பின்வரிசையில் ஒரு மூலையிலே அமர்த்தி, தொந்தரவு செய்யாதிருந்தாற் போதும் என்று விட்டுவிட்டால், நாம் வாயிலை ஐந்து யார் உள்ளே தள்ளிவைத்தவர்களாவோம். இது சாதாரண ஆசிரியரால் இயலாத காரியமன்று. ஒரே பாடத்தைப் பல அளவிற் கற்பிக்கும் திறன், பல வகுப்புக்களை ஒரு கொட்டகையில் வைத்துக் கற்பித்த நம் பழைய கிராமத்து உபாத்தியாயருக்கு இயல்பாகவே இருந்தது. வகுப்பு நாற்பது சொற்களை எழுதும்போது ஒரு பிள்ளை நான்கு சொற்களை எழுதட்டும். அந்நான்கும் அதன் உழைப்பாயிருக்கட்டும். கணக்கைப் புளியங்கொட்டை கொண்டும், எழுத்தை மணலில் விரலால் வரைந்தும் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளைக்கு அது இன்றும் உதவுகின்றது.

பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழிப்புலன் குறைந்தோருக்குப் பிரெயில் வினாத்தாளும் பெரிய எழுத்து வினாத்தாளும், கையால் எழுத இயலாதோருக்கு அவர் சொல்ல எழுதும் துணைவரும், தேவையுடையோருக்கு மேலதிக நேரமும் வழங்கும் ஏற்பாடுகள் பரீட்சைத் திணைக்களத்திடம் உண்டு. அவை தாமாக வந்து சேரா. தக்க வைத்தியச் சான்றோடு, உரிய காலத்திற் பாடசாலையூடாக விண்ணப்பித்தல் வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதமிருக்கும்போது இதனை அறிந்து ஓடித்திரிவதால் பயனில்லை. பிள்ளை ஆறாந் தரத்துக்கு வரும்போதே அதன் கோவையில் இக்குறிப்பு இருத்தல் வேண்டும்.

இவ்வளவு செய்து முடிவில் என்ன பயன் என்று கேட்பவரும் உண்டு. எல்லோரும் பட்டதாரிகளாவர் என்று நான் சொல்லவில்லை. பார்வையும் கேள்வியும் இழந்த ஹெலன் கெலர் அம்மையார் 1904ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதை நாம் மேடைதோறும் எடுத்துக் கூறுகின்றோம். அவர் வியக்கத்தக்கவரே. ஆயின் வியக்கத்தக்கவர்களுக்கு மாத்திரமே பாடசாலையில் இடம் உண்டு என்று நாம் ஒருபோதும் விதித்ததில்லை. ஏனைய பிள்ளைகளைச் சேர்க்கும்போது, இவன் பெரியவனாகி என்ன சாதிப்பான் என்று கேட்டா சேர்க்கின்றோம்? தன் பெயரைத் தானே எழுதவும், பேருந்தின் பலகையை வாசித்து ஏறவும், கடையிலே மிச்சக் காசை எண்ணி வாங்கவும், தன்னை ஒருவன் ஏமாற்றும்போது 'இல்லை' என்று சொல்லவும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அப்பிள்ளையின் வாழ்நாள் முழுவதுமே வேறாகிவிடும். "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்று நள்ளிரவிலே விழித்திருந்து கேட்கும் பெற்றாருக்கு, அக்கல்வியே ஓரளவு உறக்கத்தைத் தரும்.

ஏனைய பிள்ளைகளின் இலாபமும் சிறிதன்று. தன்னோடு ஓடமுடியாதவனுக்காகச் சற்றே மெதுவாக நடக்கக் கற்ற பிள்ளை, நாளை வைத்தியனாகும்போதும், கந்தோரிலே உத்தியோகத்தனாகும்போதும் அவ்வழக்கத்தை உடன்கொண்டு செல்வான். பொறுமையைப் பற்றி நூறு பாடங்களை நாம் நடத்தலாம். அதனைப் பழகுவதற்கு ஒரு தோழன் வேண்டும்.

ஆகவே, இவ்வாண்டின் அனுமதிக் காலம் நெருங்கும்போது மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். சக அதிபர்களே, விண்ணப்பத்தைப் புறத்தே தள்ளுமுன் அப்பிள்ளையோடு பத்து நிமிடம் அமர்ந்து பேசுங்கள். இயலாதெனத் தோன்றினால், வேறிடத்தில் இடம் உறுதியாகும் வரை தேடித் தருவதையும் உங்கள் கடமையாகக் கொள்ளுங்கள். பெற்றாரே, ஐந்து வயது நிறையும் வரை காத்திராமல் மூன்று வயதிலேயே தொடங்குங்கள். பிள்ளையை ஊரறிய அழைத்துவாருங்கள். அயலவர்களே, உங்கள் ஒழுங்கையிலே பாடசாலைக்குச் செல்லாத பிள்ளை ஒன்று உண்டா எனப் பாருங்கள். இருந்தால், அவ்வீட்டாருக்கு இப்பேச்சிலே கேட்டவற்றுள் ஒன்றையேனும் எடுத்துச் சொல்லுங்கள். கிராம அலுவலரிடமோ, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ அவர்களை ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள்.

காலையிலே மணி அடித்தபின் படலை சாத்தப்படுவது எல்லாப் பாடசாலைகளிலும் உள்ள ஒழுங்கு. சாத்துமுன், தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்து, தாமதித்து நடந்துவரும் பிள்ளை எவரேனும் உண்டோ எனக் காண்பது நல்ல காவலாளியின் இயல்பு. கல்வி என்னும் பெரும் படலையைக் காப்பவர்களாகிய நமக்கும் அவ்வியல்பு வேண்டும்.